கண்ணாடியா, அக்ரிலிக்கா? முதலில் ஆமையின் நகத்தைப் பாருங்கள்

“ஆமை வளர்க்கத் தொட்டி வாங்கப் போகிறோம். கண்ணாடி நல்லதா, அக்ரிலிக் நல்லதா?” மாணவர்கள் அவ்வப்போது கேட்கும் கேள்வி இது. கடைக்காரர் ஒன்று சொல்கிறார், பக்கத்து வீட்டு அண்ணன் ஒன்று சொல்கிறார், யூடியூப் காணொளி வேறொன்று சொல்கிறது. எடை குறைவு, எளிதில் உடையாது, தெளிவாகத் தெரியும் என்று அக்ரிலிக்குக்காகப் பேசுபவர்கள் ஒரு பக்கம். சுலபத்தில் கீறல் விழாது, விலையும் குறைவு என்று கண்ணாடிக்காகப் பேசுபவர்கள் மறுபக்கம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வீட்டில் ஆமை வளர்க்கும் பெரும்பாலானோருக்குக் கண்ணாடித் தொட்டிதான் பொருத்தமானது. ஆனால் அந்த முடிவைவிட, அதற்கு எப்படி வந்து சேருகிறோம் என்பதே முக்கியம். ‘எந்தப் பொருள் சிறந்தது?’ என்று மட்டும் கேட்டால் அறிவியலில் விடை கிடைக்காது. ‘எந்த வேலைக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த உயிருக்கு?’ என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

யாருக்காக இந்தத் தொட்டி?

சிங்கப்பூரில் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதிக்கப்பட்ட ஊர்வன இரண்டே வகை: சிவப்புக் காது ஆமை, மலாயப் பெட்டி ஆமை. கடைகளில் அதிகம் காணப்படுவது சிவப்புக் காது ஆமைதான். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஒன்று ஓடும். அதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி.

முட்டையிலிருந்து வெளிவரும்போது அதன் ஓடு சுமார் 3 சென்டிமீட்டர்தான் இருக்கும். நம் ஐம்பது காசு நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவே. ஆனால் முழு வளர்ச்சி அடைந்த பெண் ஆமையின் ஓடு 25 சென்டிமீட்டரைத் தாண்டலாம். நன்றாகப் பராமரித்தால் 20 முதல் 40 ஆண்டுகள் வரை வாழும். உயர்நிலை ஒன்றில் படிக்கும் 13 வயது மாணவர் இன்று வாங்கும் ஆமை, அவர் தம் பிள்ளையை உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கும்போதும் உயிரோடு இருக்கக்கூடும்.

ஆமை மீனைப் போன்றதும் அன்று. மீன் தொட்டியின் சுவரைத் தொடுவதே அரிது. ஆமையோ முன்னங்கால்களின் நீண்ட நகங்களால் சுவரைப் பிறாண்டும், ஓட்டை உரசிக்கொண்டே மூலைகளில் ஏறப் பார்க்கும், கற்களைத் தள்ளும். மீன் தொட்டிக்குச் சொல்லப்படும் வாதங்களை அப்படியே ஆமைத் தொட்டிக்குப் பொருத்துவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

கீறலின் அறிவியல்

உங்கள் பென்சில் பெட்டியில் உள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்து விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். வாங்கி ஓராண்டுகூட ஆகியிருக்காது. நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் தெரியும். பிறகு அறிவியல் கூடத்தில் பல ஆண்டுகளாகப் பயன்படும் ஒரு கண்ணாடி பீக்கரைப் பாருங்கள். எத்தனையோ கைகள் கழுவி, அடுக்கி, இழுத்து வைத்தும் கீறல்கள் குறைவாகவே இருக்கும்.

இந்த வேறுபாட்டை ‘கடினத்தன்மை’ என்கிறோம். கனிமங்களின் கடினத்தன்மையை ஒப்பிட மோஸ் அளவுகோல் என்ற 1 முதல் 10 வரையிலான வரிசை உண்டு. அதில் நம் விரல் நகம் ஏறக்குறைய 2.5. சாதாரணக் கண்ணாடி 5.5. மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. அக்ரிலிக்கை இந்த வரிசையில் வைத்தால் 3-ஐ ஒட்டித்தான் வரும். ஆமையின் நகமும் நம் நகத்தைப் போலவே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதாவது, அக்ரிலிக்கும் ஆமையின் நகமும் கிட்டத்தட்ட ஒரே படியில் நிற்கின்றன. கண்ணாடி அவற்றைவிட வெகு உயரத்தில் நிற்கிறது.

நகத்தைவிடப் பெரிய எதிரி, நகத்தின் இடுக்கிலும் சுத்தம் செய்யும் பஞ்சிலும் சிக்கிக்கொள்ளும் மணல் துகள். அதன் கடினத்தன்மை 7 என்பதால் அது கண்ணாடியையும் கீறும். ஆகவே, கண்ணாடியில் கீறலே விழாது என்பது சரியல்ல. ஆனால் அதே துகள் அக்ரிலிக்கின்மீது மிக எளிதாகவும் ஆழமாகவும் கோடு போட்டுவிடும்.

கீறல் அழகுப் பிரச்சினை மட்டும் அன்று. ஆமை அதிகம் கழிவு வெளியேற்றும் பிராணி. கீறல்களின் பள்ளத்தில் பாசியும் நுண்ணுயிர்ப் படலமும் தங்கிவிட்டால் வெறும் துணியால் அவற்றை எடுக்க முடியாது. அழுத்தித் தேய்த்தால் மேலும் கீறல்கள் விழும். ஆமைகள் சால்மொனெல்லா கிருமியைச் சுமந்திருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் சிறுவர்களுக்கு இக்கிருமி தொற்றியதால்தான், ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க 1975-ஆம் ஆண்டில் அங்கே தடை விதித்தார்கள். தொட்டியைச் சுலபமாகச் சுத்தம் செய்ய முடிவது ஆமைக்கு மட்டுமல்ல, வீட்டில் உள்ளவர்களுக்கும் நல்லது.

அக்ரிலிக் ஆதரவாளர்கள் இங்கே ஒரு நியாயமான பதில் வைத்திருக்கிறார்கள்: அக்ரிலிக்கில் விழும் கீறலை மெருகேற்றிப் போக்கிவிடலாம், கண்ணாடியில் விழும் ஆழமான கீறலைப் போக்குவது கடினம். இது உண்மைதான். ஆனால் உட்பக்கக் கீறலை மெருகேற்றத் தண்ணீரை இறைத்து, ஆமையை வேறிடத்துக்கு மாற்றி, தொட்டியைக் காலி செய்ய வேண்டும். முப்பது ஆண்டுகளில் எத்தனை முறை அதைச் செய்வீர்கள்?

எடை குறைவு என்பது பாதி உண்மை

அக்ரிலிக்கின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.19 கிராம்; கண்ணாடியின் அடர்த்தி 2.5 கிராம். ஒரே அளவுள்ள அக்ரிலிக் தொட்டியின் எடை கண்ணாடித் தொட்டியின் எடையில் பாதிக்கும் குறைவு என்று சொல்வது இதனால்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

120 சென்டிமீட்டர் நீளம், 50 சென்டிமீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒரு தொட்டி. நான்கு சுவர்களும் அடித்தளமும் சேர்ந்து 23,000 சதுர சென்டிமீட்டர். 10 மில்லிமீட்டர் தடிமன் என்றால் கண்ணாடித் தொட்டி 57.5 கிலோகிராம். அக்ரிலிக் தொட்டி சுமார் 27 கிலோகிராம். வித்தியாசம் 30 கிலோகிராம்.

இப்போது 36 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். 216 லிட்டர், அதாவது 216 கிலோகிராம்! அந்த நிலையில் கண்ணாடித் தொட்டியின் மொத்த எடை ஏறக்குறைய 274 கிலோகிராம், அக்ரிலிக் தொட்டியினது 243 கிலோகிராம். தரைக்கும் தாங்கிக்கும் இது பெரிய வித்தியாசம் அன்று. இரண்டில் எதை வாங்கினாலும் உறுதியான, சமமான தாங்கி வேண்டும். வீவக வீட்டில் இவ்வளவு எடையை வைக்குமுன் தரையின் தாங்குதிறனைப் பற்றி விசாரிக்கவும் வேண்டும். எடை குறைவால் கிடைக்கும் லாபம், காலித் தொட்டியைத் தூக்கிச் செல்லும் அன்றைக்குத்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. 36 சென்டிமீட்டர் ஆழத்தில் அது சுமார் 3,600 பாஸ்கல். மேற்பரப்பில் சுழியம் என்பதால் சராசரி 1,800 பாஸ்கல். 1.2 மீட்டர் நீளச் சுவரில் தண்ணீர் தொடும் பரப்பு 0.432 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 780 நியூட்டன். 78 கிலோகிராம் எடையுள்ள ஒரு பெரியவரின் எடைக்குச் சமமான விசை, இரவும் பகலும் அந்தச் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

இந்த விசைக்கு எந்தச் சுவர் அதிகம் வளையும்? கண்ணாடி, அக்ரிலிக்கைவிடச் சுமார் 23 மடங்கு விறைப்பானது. ஒரே தடிமன் என்றால் அக்ரிலிக் சுவர் அத்தனை மடங்கு அதிகமாகப் புடைக்கும். ஒரு தகட்டின் தடிமனை இரு மடங்காக்கினால் அதன் விறைப்பு 2 × 2 × 2, அதாவது 8 மடங்காகும். அந்தக் கணக்குப்படி, 10 மில்லிமீட்டர் கண்ணாடி அளவுக்கு விறைப்பாக இருக்க அக்ரிலிக் சுமார் 28.5 மில்லிமீட்டர் தடிமனாக இருக்க வேண்டும். அப்போது தொட்டியின் எடை 78 கிலோகிராம் ஆகிவிடும். கண்ணாடித் தொட்டியைவிட 20 கிலோகிராம் அதிகம்!

தயாரிப்பாளர்கள் அப்படிச் செய்வதில்லை. ஓரளவு புடைப்பை அனுமதித்து, தொட்டியின் மேல் விளிம்பில் அகலமான அக்ரிலிக் சட்டம் ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். மீனுக்கு அதனால் தொல்லை இல்லை. ஆமைத் தொட்டியிலோ மேல் திறப்பு வழியாகத்தான் ஆமை வெயில்காயும் மேடையை இறக்க வேண்டும், விளக்கைத் தொங்கவிட வேண்டும், வளர்ந்த ஆமையை இரு கைகளாலும் தூக்க வேண்டும். அங்கே சட்டம் குறுக்கே நிற்கும்.

ஓஷனேரியத்தில் மட்டும் ஏன் அக்ரிலிக்?

செந்தோசாவுக்குப் போய்வந்த மாணவர்கள் கேட்கலாம். எஸ்.இ.ஏ. அக்குவேரியம் என்ற பெயரில் 2012-இல் திறக்கப்பட்டு, இப்போது சிங்கப்பூர் ஓஷனேரியமாக மாறியிருக்கும் அந்த இடத்தில், 36 மீட்டர் அகலமும் 8.3 மீட்டர் உயரமும் கொண்ட மாபெரும் காட்சிச் சுவர் இருக்கிறது. அது அக்ரிலிக். தடிமன் 70 சென்டிமீட்டர். அவ்வளவு பெரிய இடத்திலேயே அக்ரிலிக்கைப் பயன்படுத்தும்போது வீட்டில் ஏன் கூடாது?

வேலை வேறு என்பதுதான் பதில். அந்தச் சுவரின் அடியில் தண்ணீரின் அழுத்தம் 80,000 பாஸ்கலை ஒட்டி இருக்கும். நம் வீட்டுத் தொட்டியைப்போல் இருபது மடங்குக்கும் மேல். அவ்வளவு பெரிய சுவரை ஒரே கண்ணாடித் தகடாக வார்ப்பது நடைமுறையில் இயலாது. சாதாரணக் கண்ணாடியில் கலந்துள்ள இரும்பால் அதற்கு லேசான பச்சை நிறம் உண்டு. 10 மில்லிமீட்டரில் அது பெரிதாகத் தெரியாது. 70 சென்டிமீட்டரில் மீன்களையே பார்க்க முடியாது. அக்ரிலிக் துண்டுகளையோ இணைப்பே தெரியாமல் ஒன்றாக்கலாம். எவ்வளவு தடிமனானாலும் ஒளி தெளிவாக ஊடுருவும்.

அங்கேகூட அக்ரிலிக்கை வெல்ல முடியாத கவசம் என்று எண்ணிவிடக் கூடாது. ஜெர்மனியின் பெர்லின் நகரில், ஒரு ஹோட்டலின் முன்கூடத்தில் இருந்த அக்வாடோம் என்ற உருளை வடிவ அக்ரிலிக் தொட்டி 2022 டிசம்பர் 16-ஆம் தேதி வெடித்துச் சிதறியது. பத்து லட்சம் லிட்டர் தண்ணீர் கொட்டியது. அதிலிருந்த சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை மடிந்தன. எந்தப் பொருளானாலும் அதன் இணைப்புகளையும் வயதையும் கண்காணிக்கத்தான் வேண்டும்.

வெப்பமும் வெயிலும்

அக்ரிலிக் வெப்பத்தை எளிதில் கடத்தாது, அதனால் தண்ணீர் சீக்கிரம் குளிராது, மின்சாரம் மிச்சமாகும் என்றும் சொல்வார்கள். குளிர்காலம் உள்ள நாடுகளுக்கு அது நல்ல வாதம். ஆண்டு முழுதும் வெப்பமாக இருக்கும் நம் ஊரில் அதற்கு மதிப்புக் குறைவு.

நமக்கு முக்கியமானது விளக்கின் வெப்பம். ஆமை வெயில்காயும் மேடைக்கு மேலே விளக்கு வைப்பார்கள். அக்ரிலிக் 80 பாகை செல்சியசை நெருங்கும்போதே உருக்குலையத் தொடங்கலாம். விளக்கு அதன் விளிம்பில் சாய்ந்தால் ஆபத்து. கண்ணாடி அந்த வெப்பத்தில் இளகாது. ஆனால் சூடேறிய கண்ணாடியின்மீது குளிர்ந்த நீர் தெறித்தால் விரிசல் விடலாம். இரண்டிலும் விளக்கைச் சுவரிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும்.

அடுத்ததாக நான் சொல்லப்போவதை, எந்தத் தொட்டியை வாங்கினாலும் மறக்காதீர்கள். ஆமையின் உடல் வைட்டமின் டி3-ஐத் தயாரிக்கப் புறஊதா-பி கதிர்கள் தேவை. அந்த வைட்டமின் இல்லாவிட்டால் உணவில் உள்ள கால்சியத்தை உடல் ஏற்க முடியாது. ஓடு மென்மையாகும், எலும்புகள் வளையும். சாதாரணக் கண்ணாடியும் சாதாரண அக்ரிலிக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விடுகின்றன. புறஊதா-பி கதிர்களை ஏறக்குறைய முழுதுமாகத் தடுத்துவிடுகின்றன. சன்னலோரத் தொட்டியில் பளிச்சென்று வெயில் விழுகிறதே என்று திருப்தி அடைந்தால், ஆமைக்குக் கிடைப்பது வெப்பம் மட்டுமே. அந்த வெப்பமும் அளவு மீறினால் தண்ணீர் சூடேறி ஆமை தவித்துப்போகும். புறஊதா-பி விளக்கை மேலே பொருத்த வேண்டும். விளக்குக்கும் ஆமைக்கும் நடுவே கண்ணாடி மூடியோ அக்ரிலிக் மூடியோ இருக்கக் கூடாது. கம்பி வலை மூடி போதும்.

கண்ணாடியின் குறைகள்

கண்ணாடிக்குக் கண்மூடித்தனமாக வாதாடுவது என் நோக்கமன்று. கண்ணாடி உடைந்தால் கூரிய துண்டுகளாக உடையும். மோதலைத் தாங்கும் ஆற்றலில் அக்ரிலிக் அதைவிடப் பல மடங்கு மேல். வீட்டில் ஓடியாடும் சிறு பிள்ளைகள் இருந்தாலோ, அடிக்கடி வீடு மாறும் குடும்பமானாலோ அக்ரிலிக்கைத் தேர்ந்தெடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படி வாங்கினால் மணலைத் தவிருங்கள். மிக மென்மையான துணியால் மட்டும் துடையுங்கள். ஆல்கஹாலோ அம்மோனியாவோ கலந்த கண்ணாடித் துப்புரவுத் திரவத்தை அக்ரிலிக்கில் பயன்படுத்தாதீர்கள். நுண்ணிய விரிசல்கள் உண்டாகும். ஆமை இருக்கும் தொட்டியில் எந்தத் துப்புரவுத் திரவமும் வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

கண்ணாடித் தொட்டியின் பலவீனமான இடம் மூலைகளில் உள்ள சிலிக்கோன் இணைப்பு. ஆமை அதை நகத்தால் பிய்க்கக்கூடும். மாதம் ஒருமுறையாவது அதைக் கவனித்துப் பாருங்கள். ஆமை தள்ளி உருட்டக்கூடிய கனமான கற்களைப் போடாதீர்கள்.

ஒளி ஊடுருவும் சுவர் யாருக்குத் தேவை?

இவ்வளவும் பேசியபின் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஒளி ஊடுருவும் சுவர் ஆமைக்குத் தேவையா? இல்லை. பார்த்து மகிழ நமக்குத்தான் தேவை. தன் கண்ணுக்குத் தடையே தெரியாத சுவரைக் கடந்துபோக முயன்று, ஆமை அதே இடத்தில் மணிக்கணக்காக நீந்தி முட்டிக்கொண்டிருப்பதை வளர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். பின்பக்கத்தையும் இரு பக்கவாட்டுச் சுவர்களையும் வெளியிலிருந்து அட்டையால் மறைத்தால் பல ஆமைகள் அமைதியடையும். பெரிய, ஒளி ஊடுருவாத பிளாஸ்டிக் தொட்டியில்கூட ஆமை நலமாக வாழும்.

ஆமை வளர்ப்போர் பின்பற்றும் ஒரு பொதுக் கணக்கு உண்டு: ஓட்டின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 38 லிட்டர் கொள்ளளவு. 10 அங்குல ஆமைக்கு ஏறத்தாழ 380 லிட்டர் வேண்டும். நாம் மேலே கணக்கிட்ட தொட்டியை விளிம்புவரை நிரப்பினாலும் 300 லிட்டர்தான்! பிளாஸ்டிக் தென்னை மரம் நட்ட, உள்ளங்கை அளவுப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அது கண்ணாடியா அக்ரிலிக்கா என்று விவாதிப்பதில் பொருளில்லை. அந்த அளவில் எந்தப் பொருளும் தவறுதான்.

அளவை யோசிக்காமல் வாங்குபவர்களின் ஆமைகள் பிறகு என்ன ஆகின்றன? சில, நோயுற்று இறக்கின்றன. சில, இரவோடு இரவாக நீர்த்தேக்கங்களிலும் பூங்காக் குளங்களிலும் விடப்படுகின்றன. சிங்கப்பூரில் அப்படி விடுவது சட்டப்படி குற்றம். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் இனங்களின் பட்டியலில் சிவப்புக் காது ஆமையும் இருக்கிறது. உள்ளூர் ஆமைகளின் உணவுக்கும் வெயில்காயும் இடத்துக்கும் அது போட்டிக்கு வருகிறது.

அதனால் என் யோசனை இதுதான். ஆமை வாங்கும் எண்ணம் இருந்தால், கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் 25 சென்டிமீட்டர் நீள ஆமையை வரைந்து வெட்டி, தொட்டி வைக்க நினைக்கும் இடத்தில் வையுங்கள். அது திரும்பி நீந்த இடம் இருக்குமா, அதற்கேற்ற தொட்டியை அங்கே வைக்க முடியுமா என்று பெற்றோருடன் சேர்ந்து அளந்து பாருங்கள். முடியும் என்றால், உங்களால் வாங்க இயன்ற மிகப் பெரிய கண்ணாடித் தொட்டியை வாங்குங்கள். அதே அளவு அக்ரிலிக் தொட்டி பெரும்பாலும் விலை கூடுதலாக இருக்கும். மிச்சமாகும் வெள்ளியை நல்ல வடிகட்டிக்கும் புறஊதா-பி விளக்குக்கும் செலவிடுங்கள். முடியாது என்றால், ஆமை வாங்காமல் இருப்பதும் அறிவியலோடு எடுத்த முடிவுதான்.